அறுபத்தொரு கியர்

எங்களுக்குக் கிடைத்தது எழுபது மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நவீன்குமார் பாவா தன் சின்ன எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் வேண்டும், வேண்டாம் என்று ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

பாவா என் அத்தை மகன். வேலை மாற்றலாகிப் புனேவுக்குப் போகிறார். காரை விற்றுவிட்டுப் போவதாக முடிவு. அரக்கோணத்தில் ஒருவர் கேட்டு வைத்திருந்தார்.

"அவர் கேட்டுகினே இருக்கட்டும். அத்தை ஓட்டிப் பாத்து வேணாம்னு சொன்னாதான் அவருக்கு" என்றார் பாவா.

அவர் அத்தை என்றது என் அம்மாவை. இருபத்திரண்டு வருடமாக அம்மா கார் ஓட்டுகிறாள். அம்மையார்குப்பத்தில் தறிக்காரர்கள் வீடுகளில் லுங்கி எடுத்து, திருத்தணியிலும் சுற்று ஊர்களிலும் உள்ள கடைகளுக்குப் போடுவது அவள் தொழில். தொழிலுக்காகக் கார் ஓட்டுகிறாள் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். கார் ஓட்டுவதற்காகத்தான் அந்தத் தொழிலைப் பிடித்தாள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டு லுங்கியைக் கொடுக்கக் கனகம்மாசத்திரம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு முகம் தெளிந்து வருவாள். எங்கள் பழைய டீசல் காரில் என்ன கோளாறு என்று மெக்கானிக்கைக் கேட்பதில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அவளே சொல்வாள்.

"மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு எறக்குறாங்க பாரு, அங்கதான் தெரியும் யாருக்கு ஓட்டத் தெரியும்னு" என்பது அவள் அடிக்கடி சொல்வது.

அப்படிப்பட்டவளுக்குக் கியரே இல்லாத கார் ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நோட்டைக் கொடுத்து அளக்கச் சொன்னால் நாள் முழுவதும் அளப்பேன்.

நைனா, அதாவது என் அப்பா, திண்டில் சாய்ந்தபடி காரைப் பார்த்தார். "இது காரா, காரு போட்ட குட்டியா?"

"சிரிங்க மாமா. உங்க டீசல் வண்டி போட்ற பொகைய இது ஆயுசுக்கும் போடாது" என்றார் பாவா.

"வாசல்ல ரெண்டு வண்டி நிக்க எடம் இல்ல. இது வந்தா அது போவணும். நல்லா யோசிங்க. என்னக் கேட்டா ரெண்டுமே வேணாம். டெம்போக்கார ஆனந்தன் சும்மாதான் கீறான். டெம்போவுல அவன் போய் லுங்கி எடுத்துகினு வரட்டும். நீ வூட்ல நிம்மதியா இரு சந்திரா."

இதை நைனா எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கார்த்திகை மாத மழையில் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். அன்று நைனா கார் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கால் ஆறாமல் சாவி கிடையாது என்றார். பதினோராம் நாள் அம்மா அவர் முன்னால் வீட்டுக்குள் மூன்று சுற்று நடந்து காட்டிச் சாவியைத் திரும்ப வாங்கினாள். மறுபடி ஒரு முறை ஏதாவது என்றால் ஆனந்தன்தான் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"நிம்மதியா இருந்து இன்னா பண்ணப் போறேன்" என்று அம்மா காருக்குள் ஏறினாள்.

முதல் ஓட்டம் பைபாஸ் வரை. பாவா பக்கத்தில், நான் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு. பாவா ஒரு குமிழைத் திருப்பினார். "அவ்ளோதான் அத்தை. வண்டி ஆன்ல கீது."

"எங்க? சத்தமே காணோம்."

"வராது."

"சத்தம் வராம மாடு எப்பட்றா ஒதுங்கும்?"

"ஹாரன் கீதே. அதுவும் பத்தலன்னா ஃபோன்ல டீசல் சத்தம் பதிஞ்சி வெச்சிக்கோங்க."

அம்மா மெல்ல வலது காலை அழுத்தினாள். கார் வழுக்கிக்கொண்டு போவது போல் நகர்ந்தது. ஐம்பதடி போனதும் அவள் இடது கை கீழே இறங்கிக் காற்றைத் துழாவியது. பாவா சிரித்தார்.

"எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க. கை கியரத் தேடும், கால் கிளட்சத் தேடும். நான் முதல் நாள் இடது கால்ல தரைய ஓங்கி ஓங்கி மிதிச்சி ஷூவே கிழிஞ்சிடுச்சி."

பைபாஸ் போய்த் திரும்புவதற்குள் அம்மாவின் கை ஒன்பது முறை கியரைத் தேடியது. நான் எண்ணினேன். காலையும் பார்த்தேன். பின்சீட்டின் நடுவிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிந்தது. அவள் இடது கால் ஒரு முறைகூட அசையவில்லை. சீட்டோடு ஒட்டி, கொஞ்சம் நீட்டி வைத்தபடி அப்படியே இருந்தது.

இருபத்திரண்டு வருடப் பழக்கம் கையில் இருக்கிறது, காலில் இல்லை. எனக்கு அது விநோதமாக இருந்தது. நோட்டில் எழுதினேன்: கை 9, கால் 0. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

பாவா ராத்திரி ரயிலுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமைக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். காலையில் டீசல் காரில் அம்மையார்குப்பம் போய் வருவது. மாலையில் அதே சாலை, அதே எடை, எலெக்ட்ரிக் காரில். ஒன்றை ஒன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும்.

டீசல் காரில் எதை அளப்பது என்ற யோசனை எனக்கு இருக்கவில்லை. ஏற்கனவே அளந்திருந்தேன். கல்லூரியில் புள்ளியியல் பாடத்துக்கு முப்பது நாள் தரவு கேட்டார்கள். மற்றவர்கள் வெயில் அளவையும் பஸ் வரும் நேரத்தையும் எழுதினார்கள். நான் கோடை விடுமுறையில் அம்மாவோடு போய், திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் வரை எத்தனை முறை கியர் மாற்றுகிறாள் என்று எண்ணினேன். சராசரி நூற்றுப் பன்னிரண்டு. குறைந்த நாள் தொண்ணூற்றெட்டு. விரிவுரையாளர் சிவப்பு மையில், "சுவாரசியம்" என்று எழுதியிருந்தார். அம்மா அந்த நோட்டை ஆறு மாதம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

சனிக்கிழமை காலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி எண்ணினேன்.

கே.ஜி.கண்டிகை வரும்போது இருபத்தெட்டு. அங்கே ஒரு டீ. அம்மா வண்டியை நிறுத்தியதும் என்ஜினை அணைத்தாள். முன்பெல்லாம் அப்படியே ஓடவிட்டு, கண்ணாடி வழியாகவே டீயை வாங்கிக் குடிப்பாள். அதற்கு அப்புறம் வந்த வேகத்தடைகளில் அவள் மூன்றாவது கியரிலேயே ஏறி இறங்கினாள். வண்டி உதறியது. அம்மா அதைக் கேட்காதவள் போல் சாலையையே பார்த்தாள். என்ஜின் இருமினாலே தலையைச் சாய்க்கிறவள்.

அம்மையார்குப்பத்தில் வண்டி நின்றபோது எண்ணிக்கை அறுபத்தொன்று.

தப்பாக எண்ணிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பி வரும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டேன். அறுபத்து நான்கு. சாலை நன்றாகிவிட்டதா? இல்லை, முன்பைவிட இரண்டு வேகத்தடை கூடியிருந்தது. போக்குவரத்து குறைந்ததா? சனிக்கிழமை, இரண்டு பஸ், ஒரு கரும்பு டிராக்டர். கட்டு எத்தனை? அதே ஆறு கட்டு. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் மாறியது ஒன்றுதான் மிஞ்சியது. ஓட்டுகிறவள்.

வீட்டு வாசலில் நைனா இல்லை. அம்மா கதவைத் திறந்து, முதலில் வலது காலை வெளியே வைத்து, உடம்பையே திருப்பினாள். பிறகு இரண்டு கையாலும் இடது முழங்காலுக்குக் கீழே பிடித்து, ஒரு கட்டு லுங்கியைத் தூக்குவது போல் தூக்கி வெளியே வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் பார்த்தாள்.

"மரத்துப் போச்சு" என்றாள்.

"ஆங்" என்றேன்.

கேட்டிருக்கலாம். கேள்வி வாய் வரை வந்தது. கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தபின் நைனா கேட்டால் நான் பொய் சொல்ல வேண்டும், எனக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டால் சாவி சட்டைப் பைக்குப் போய்விடும். திங்கட்கிழமை ஆனந்தன் வந்துவிடுவான். அம்மா வாசலில் நின்று அவனுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள். நோட்டை மூடினேன்.

மாலையில் எலெக்ட்ரிக் கார். பின்சீட்டை மடக்கி ஐந்து கட்டு வைத்தோம். ஆறாவது கட்டு என் மடியில். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"வண்டி வாங்குனா உன்ன வூட்ல வுட்டுட்டு வரணும் போலகீது."

"நான் இல்லன்னா யாரு எண்ணுறது?"

"எண்ண இன்னா கீது இதுல. பூஜ்யம் பூஜ்யம்னு எழுதிகினு போ."

போய் வர நாற்பத்தொரு கிலோமீட்டர், இருபத்தாறு சதவீத பேட்டரி. நன்றாகத்தான் இருந்தது. அம்மா முகம் மட்டும் நன்றாக இல்லை. கண்டிகை டீக்கடையில் சொன்னாள்:

"நல்ல வண்டிதான் யோகு. ஆனா நம்மள எதுவும் கேக்க மாட்டேங்குது. அந்த வண்டி வாய் பேசும். இப்ப மாத்து, இப்ப வுடுன்னு கூப்புடும். இதுல நான் ஓட்றனா, உக்காந்துகினு போறனான்னே தெரியல."

நான் அதையும் எழுதினேன். அளக்க முடியாதது என்று தலைப்பிட்டேன்.

ராத்திரி மாவு கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கார் சார்ஜரை மாட்டினோம். நைனா, "நாளைக்கு இட்லி இல்ல, வண்டிதான் மாவு அரைக்குது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலைக்குப் போனோம். எங்கள் ஊரில் மலை ஏறாத வண்டியை யாரும் வண்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஆறு மணிக்கே மலைப் பாதையில் வேன்கள் வரிசை கட்டியிருந்தன. வளைவுகளில் முன்னால் போன வேன் திணறித் திணறிக் கியரைக் குறைத்தது. எங்கள் கார் சத்தமில்லாமல் அதன் பின்னாலேயே ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று சதவீதம் குறைந்திருந்தது. நான் மனக்கணக்காகப் போட்டு வைத்திருந்ததைவிட ஒரு சதவீதம் அதிகம். என் உயரக் கணக்கு தப்போ, வேன் பின்னால் நின்று நின்று ஏறியதாலோ.

நிறுத்துமிடத்தில் பூவும் எலுமிச்சம்பழமும் விற்கும் கந்தன் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் ஓடிவந்தார். நாங்கள் எதுவும் சொல்வதற்குள் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு பழம் வைத்துவிட்டார்.

"புது வண்டி இல்லீங்க" என்றாள் அம்மா.

"வந்துட்ட இல்ல, அப்புறம் இன்னா. சூடம் காட்டிட்டுப் போயிடு. ஐயர் வர்றார். வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சிக்கோம்மா."

அம்மா குமிழைத் திருப்பினாள். கந்தன் காத்திருந்தார். சூடத் தட்டோடு வந்த அர்ச்சகரும் காத்திருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார் கந்தன் மறுபடி.

"பண்ணிட்டேங்க."

"இன்னும் சத்தம் வரலியே. நல்லா மிதி."

அம்மா மிதித்துவிட்டாள். சூடம் ஏற்றுவதற்கு முன்பே நான்கு பழமும் நசுங்கின. கார் இரண்டடி முன்னால் நின்றது. அர்ச்சகர் தட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஒதுங்கியிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"முருகனுக்கே சொல்லாம கெளம்புற வண்டிய இப்பதான் பாக்குறேன்" என்றார் கந்தன். வேறு நான்கு பழத்துக்குக் காசு வாங்காமல் வைத்தார். அம்மா சிரித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

இறங்கும்போதுதான் அது நடந்தது. முதல் வளைவுக்கு முன்னால் அம்மா வலது காலைச் சற்றே தளர்த்தினாள். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல் கார் தானாக வேகம் குறைந்தது. அம்மா பிரேக்கை மிதிக்கவில்லை. மறுபடி கொஞ்சம் அழுத்தினாள், மறுபடி தளர்த்தினாள்.

"இது இன்னா?"

"மோட்டார்தான்மா. காலை எடுத்தா அது டைனமோ மாதிரி வேலை செய்யும். வண்டியைப் பிடிச்சிக்கும். அதுல வர்ற கரண்ட் பேட்டரிக்குப் போகும்."

"எவ்ளோ எடுத்தா எவ்ளோ புடிக்கும்?"

"எடுத்த அளவுக்கு."

அம்மா மறுபடி காலைத் தளர்த்திப் பார்த்தாள். தலை லேசாகச் சாய்ந்தது. கேட்க எதுவும் இல்லாத காரில் அவள் எதையோ கேட்க ஆரம்பித்திருந்தாள்.

கீழே வந்தபோது பிரேக்கைப் பதினான்கு முறை தொட்டிருந்தாள். நான் சொன்னதும் வண்டியை வீட்டுப் பக்கம் விடாமல் திருப்பி, மறுபடி மலை ஏறினாள். இரண்டாம் முறை இறங்கும்போது ஒன்பது. டோல் கேட்டில் இருந்தவர், "இன்னாம்மா, வேண்டுதலா?" என்று கேட்டார். "ஆங், வேண்டுதல்தான்" என்றாள். மூன்றாம் முறை நான்கு. நான்காவது தொடலும் ஒரு குரங்கு குறுக்கே வந்ததால்.

"இதுலயும் கியர் கீது யோகு" என்றாள். "கையில இல்ல. வலது கால்ல கீது. ஒரு நூல் எடுத்தா ரெண்டாவது, ரெண்டு நூல் எடுத்தா ஒண்ணாவது. இவ்ளோ நாளும் ஏன் யாரும் சொல்லல?"

அந்த மூன்று இறக்கத்திலும் நான் அவள் வலது காலைத்தான் பார்த்தேன். குரங்கு வந்தபோது அது எவ்வளவு வேகமாக பிரேக்குக்குப் போனது என்று பார்த்தேன். நன்றாக இருந்தது. எழுதினேன். இடது கால் நீட்டியபடி சும்மா இருந்தது. அதை எழுதவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் ஒன்றே முக்காலுக்குப் பாவா புனேவிலிருந்து அழைத்தார். நைனா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"அத்தை, இன்னா முடிவு? அரக்கோணத்துக்காரர் காலையில இருந்து மூணு வாட்டி ஃபோன் பண்ணிட்டார்."

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள் அம்மா. மலையிலிருந்து இறங்கியதைச் சொன்னாள். பதினான்கு, ஒன்பது, நான்கு. கையை நீட்டி வளைவுகளைக் காட்டினாள்.

நைனா கடைசி வரை கேட்டார். கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சந்திரா, கியர் மாத்துறதுதான் வண்டி ஓட்றதுன்னு இருவது வருஷமா நீதான் சொல்லிகினு இருந்த. இப்ப மூணு நாள்ல மாறிடுமா? நாலு மாசம் போனா சலிச்சிப் போவும். அப்புறம் டீசல் வண்டிய வித்துட்டேன்னு என்கிட்ட அழுவ. கட்டு வேற ஒண்ணு கொறயுது இதுல."

"அழ மாட்டேன்."

"சரி, அந்த வண்டில இன்னா கொற? ஒரு கொறயும் இல்லாத வண்டிய யாராவது மாத்துவாங்களா? கொற இருந்தா சொல்லு, இந்த நிமிஷமே இத எடுத்துக்கலாம். இல்லன்னா அரக்கோணத்துக்காரருக்கே போவட்டும்."

அம்மா மேசையைப் பார்த்தாள். "நல்ல வண்டிதான்" என்றாள்.

"அப்போ?"

ஃபோனில் பாவா காத்திருந்தார். பின்னால் யாரோ இந்தியில் பேசும் சத்தம் கேட்டது.

நைனா என் பக்கம் திரும்பினார். "நீதான ரெண்டையும் எழுதின. படி. அந்த வண்டி எப்படிப் போச்சாம்?"

நோட்டைத் திறந்தேன். கிலோமீட்டர் படித்தேன். ஆறு கட்டு படித்தேன். டீசல் எவ்வளவு என்று படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா படி. புனேவுக்குக் கேக்கணும்."

அடுத்த வரி கியர். அதைத் தாண்டி அதற்கடுத்த வரிக்குப் போயிருக்கலாம். நைனா எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நோட்டு தெரியும். அந்த வரி எங்கே வரும் என்றும் தெரியும்.

"போவும்போது கியர் மாத்தினது அறுபத்தொண்ணு" என்றேன்.

நைனா நெற்றியைச் சுருக்கினார். "நூத்திப் பன்னெண்டு இல்ல அது? ஊருக்கெல்லாம் காட்டினாளே."

நான் நோட்டை மேசையில் வைத்தேன். மீதியைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஆக நான்கு நிமிடம் இருந்தது.

அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மேசைக்கு அடியிலிருந்து இடது காலை வெளியே எடுத்து, நைனாவுக்குத் தெரிகிற மாதிரி நீட்டி வைத்தாள். டீசல் கார் சாவி மேசையில் அவள் பக்கம் இருந்தது. அதை எடுத்து நடுவில் வைத்தாள்.

"கொற வண்டியில இல்லீங்க" என்றாள். "அன்னைக்கு நடந்து காட்டுனது பொய். விழுந்ததுல இருந்து இந்த முட்டி மடங்கல. எட்டு மாசமா என்னால கிளட்ச முழுசா மிதிக்க முடியல."